கணக்குப் புத்தகத்துக்குக் கோடு போடுவது யார்?

மாதக் கடைசி. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு. இரவு எட்டரை மணி. எல்லாச் செலவையும் பதிந்து முடித்து, மாதத்தை மூடப் போகிற நேரத்தில் திரையின் அடியில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கிறது. "இந்த டேபிள் ஆக்டிவாக இல்லை" என்கிற மாதிரி ஏதோ ஒன்று. கணக்காளர் போனை எடுத்து ஐ.டி. பிரிவுக்குச் சொல்கிறார். "டேபிள் டெஃபனிஷன்ல ஏதோ எரர் சார், பார்த்துட்டுச் சொல்றோம்" என்று பதில் வருகிறது. அப்பாடா என்று கணக்காளர் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்.

அவர் டீ குடிக்கப் போகக் கூடாது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். (டீயோடு பகை ஒன்றும் இல்லை. பிளாஸ்கில் வாங்கிவரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து குடிக்கட்டும்.)

டேபிள், டெஃபனிஷன் என்று காதில் விழுந்ததுமே காமர்ஸ் படிக்கிறவர்கள் இது நம் சமாச்சாரம் இல்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களோ இது முழுக்க முழுக்கத் தங்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே தப்பு. இந்தத் தப்பில் காணாமல் போவது பெரும்பாலும் கணக்கு.

முதலில் டெஃபனிஷன் என்றால் என்ன? பழைய மளிகை மண்டிகளில் சிவப்பு அட்டை போட்ட நீளப் பேரேடு இருக்கும். அதில் எழுதுவதற்கு முன்பே நெடுக்காகக் கோடு போட்டிருப்பார்கள். தேதிக்கு ஒரு கட்டம், விவரத்துக்கு அகலமாக ஒரு கட்டம், பக்க எண், ரூபாய், பைசா. பைசாக் கட்டம் இரண்டு இலக்கத்துக்கு மேல் கொள்ளாது. தேதிக் கட்டத்தில் யாரும் ஆளின் பெயரை எழுத மாட்டார்கள். அந்தக் கோடுகள்தான் டெஃபனிஷன். எந்தெந்தக் கட்டம், அதில் எண்ணா எழுத்தா, எத்தனை இலக்கம், இவ்வளவுதான் விஷயம். கூடவே இன்னொன்றும் உண்டு: எந்தக் கட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரியை இன்னொரு வரியிலிருந்து பிரித்தறிய முடியும் என்பது. அதைக் 'கீ' என்பார்கள். பின்னால் நடக்கப்போகும் விபரீதம் எல்லாம் இந்தக் கீயால்தான். அதனால் கொஞ்சம் நினைவில் இருக்கட்டும்.

பேரேட்டுக்குக் கோடு போட்டது யார்? கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்லப் பைண்டு செய்கிறவர் போட்டார். அளவு சொன்னது கணக்கு தெரிந்த ஆள். இன்றைக்கு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

உலகத்தில் பெரிய கம்பெனிகள் பலவற்றின் கணக்கு எஸ்.ஏ.பி. என்கிற ஜெர்மன் மென்பொருளில் இருக்கிறது. 1972-இல் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் ஆரம்பித்தது. ('சாப்' என்று சொல்லக் கூடாதாம், எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டுமாம்.) அதில் இந்தக் கோடு போடும் வேலை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று மென்பொருளுக்குள்ளேயே உள்ள அகராதி. எஸ்.இ.11 என்று அடித்தால் திறக்கும். இந்த டேபிளில் இன்னின்ன கட்டங்கள், இன்ன அகலம் என்று அங்கே எழுதி வைத்திருக்கும். மற்றொன்று நிஜமான டேட்டாபேஸ். அது ஆரக்கிளாக இருக்கலாம், எஸ்.க்யூ.எல். சர்வராக இருக்கலாம், எஸ்.ஏ.பி.யின் சொந்தச் சரக்கான ஹானாவாகவும் இருக்கலாம். வீட்டின் வரைபடம் பஞ்சாயத்து ஆபீஸில், வீடு தெருவில். வரைபடத்தில் இரண்டு ஜன்னல், வீட்டில் மூன்று ஜன்னல் என்றால் வருகிற தகராறு எதுவோ, அதுதான் டேபிள் டெஃபனிஷன் எரர்.

இப்படி எப்படி மாறிப் போகும்? ஒரு டெவலப்பர் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்துச் சேமித்துவிட்டு, 'ஆக்டிவேட்' செய்ய மறந்திருப்பார். அல்லது, சோதனை சிஸ்டத்தில் செய்த மாற்றத்தை நிஜ சிஸ்டத்துக்கு மூட்டை கட்டி அனுப்பும்போது ('டிரான்ஸ்போர்ட்' என்று இதற்குப் பெயர்) ஒரு மூட்டை வந்து சேர்ந்திருக்கும், அது நம்பியிருந்த இன்னொரு மூட்டை வந்திருக்காது. இவை இரண்டும் சாதாரணம், அரைமணி நேரத்தில் சரியாகும். மூன்றாவதாக ஒன்று உண்டு. மென்பொருள் வழியாக வராமல், யாரோ நேராக டேட்டாபேஸுக்குள் போய் எதையோ 'சரி' செய்திருப்பார். நாலாவது, ஒரு மாற்றம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது இடம் போதாமலோ சர்வர் நின்றோ நடுவழியில் விட்டுப்போனது. கவலைப்பட வேண்டியது கடைசி இரண்டுக்கும்தான்.

நாலாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஐ.டி. ஆட்கள் பலரே இதை ஒருமுறை அடிபட்ட பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

டேபிளின் கடைசியில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது போன்ற மாற்றங்களைப் பெரும்பாலும் டேட்டாபேஸ் இருந்த இடத்திலேயே செய்துவிடும். ஆனால் ஒரு கட்டத்தின் அகலத்தைக் குறைத்தாலோ, கீயில் கை வைத்தாலோ அது முடியாது. அப்போது எஸ்.ஏ.பி. செய்வது 'கன்வெர்ஷன்'. முதலில் அந்த டேபிளின் வடிவத்தை வேறு யாரும் மாற்றாதபடி ஒரு பூட்டுப் போடும். பிறகு பழைய டேபிளின் பெயரை மாற்றும், க்யூ.சி.எம். என்று முன்னால் சேர்த்து ஒரு தற்காலிகப் பெயர் கொடுக்கும். அடுத்து, பழைய பெயரிலேயே புதுக் கோடுகளோடு ஒரு காலி டேபிளை உருவாக்கும். பிறகு பழையதிலிருந்து ஒவ்வொரு வரியாகப் புதியதில் எழுதும். எல்லாம் எழுதி முடித்த பிறகு இண்டெக்ஸ்களைக் கட்டும், தற்காலிக டேபிளை அழிக்கும், பூட்டைத் திறக்கும். பழைய பேரேட்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதுப் பேரேட்டில் பிரதி எடுக்கிற அதே வேலைதான்.

பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்? கொஞ்ச நேரத்துக்கு எல்லா வரியும் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டியிருப்பதால், அவ்வளவு இடம் இல்லாமல் டேட்டாபேஸ் நிரம்பிப் போனால்? புதுப் பேரேட்டில் பாதிதான் இருக்கும், சில சமயம் ஒன்றுமே இருக்காது. கணக்காளர் உள்ளே போய்ப் பார்த்தால் டேபிள் காலி! நெஞ்சு அடைத்துவிடும். உண்மையில் எதுவும் போகவில்லை. அத்தனையும் அந்த க்யூ.சி.எம். பெயரில் பத்திரமாக இருக்கிறது. எது வரை நடந்தது என்ற குறிப்பையும் சிஸ்டம் வைத்திருக்கும். எஸ்.இ.14 என்கிற கருவியில் போய், காரணத்தைச் சரிசெய்துவிட்டு, 'அட்ஜஸ்ட்மெண்டைத் தொடரு' என்று சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அதே கருவியில் 'டேபிளைத் திற' என்றும் ஒன்று இருக்கிறது. பூட்டியிருக்கிறது என்றுதானே எரர் வருகிறது, திறந்துவிட்டால் போச்சு என்று அவசரத்தில் கை அங்கே போகும். அழுத்தினால் பூட்டு போய்விடும். கூடவே எது வரை நடந்தது என்ற குறிப்பும் போய்விடும். அதற்குப் பிறகு 'தொடரு' என்று சொல்ல வழி கிடையாது. எரர் போய்விட்டது, டேபிள் காலியாகவே இருக்கிறது, பழைய வரிகள் அனாதையாக ஒரு தற்காலிகப் பெயரில் கிடக்கின்றன. அடுத்த ஆள் வந்து இன்னொரு முறை கன்வெர்ஷன் ஓட்டினால் அதுவும் போகலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

இதைவிட அப்பட்டமாகவும் ஒரு வழி உண்டு. அதே திரையில் 'டேட்டாவைக் காப்பாற்று', 'டேட்டாவை அழி' என்று இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நல்லவேளையாகக் காப்பாற்று என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். சோதனை சிஸ்டத்தில் நாளைக்குப் பத்துத் தடவை 'அழி' போட்டுப் பழகிய கை, நிஜ சிஸ்டத்திலும் அதே பழக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, இதெல்லாம் ஐ.டி. ஆட்களின் கவனக்குறைவு, கணக்காளர் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் அந்தக் கீயில் இருக்கிறது.

எஸ்.ஏ.பி.யில் ஒரு கணக்கு வவுச்சரை அடையாளம் காட்டுவது எது? கம்பெனிக் குறியீடு, வவுச்சர் எண், நிதியாண்டு. அதற்கும் உள்ளே போனால் வரி எண். (கட்டங்களின் பெயரெல்லாம் ஜெர்மன் சுருக்கம். வவுச்சருக்கு ஜெர்மனில் 'பெலெக்', அதனால் வவுச்சர் எண்ணுக்குப் 'பெல்னர்'. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான புரோகிராமர்கள் அர்த்தம் தெரியாமலே இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.) எஸ்.ஏ.பி. கொடுத்த மூல டேபிள்களில் யாரும் சாதாரணமாகக் கை வைக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று செய்துகொள்ளும் டேபிள்கள் ஏராளம். அவற்றின் பெயர் இசட் அல்லது ஒய் என்று தொடங்க வேண்டும் என்பது விதி. டீலர் தள்ளுபடி, லாரி வாடகை, காசோலை திரும்பிய விவரம் என்று எதற்கெடுத்தாலும் ஓர் இசட் டேபிள் இருக்கும்.

அப்படி ஓர் இசட் டேபிள், வவுச்சர்வாரியாகத் தள்ளுபடி விவரம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீயில் நிதியாண்டும் இருக்கிறது. ஒரு புரோகிராமர் பார்க்கிறார். "வவுச்சர் எண்ணே பத்து இலக்கம் இருக்கே, அது போதாதா? ஆண்டு எதுக்குக் கீயில?" என்று அதை எடுத்துவிடுகிறார். தர்க்கப்படி அவர் நினைத்ததில் குற்றம் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியில் ஏப்ரல் பிறந்ததும் வவுச்சர் எண் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கணக்குப் பிரிவில் நேற்றுச் சேர்ந்த ஜூனியருக்குக்கூட இது தெரியும். புரோகிராமருக்குத் தெரிய நியாயமே இல்லை.

இப்போது கன்வெர்ஷன் ஓடுகிறது. 2023-ஆம் ஆண்டின் ஒரு வவுச்சரும் 2024-ஆம் ஆண்டின் ஒரு வவுச்சரும் ஒரே எண். புதுக் கீயின்படி இரண்டும் ஒன்றுதான். புது டேபிளில் ஒன்றுக்குத்தான் இடம். எது உள்ளே போகும்? முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று எஸ்.ஏ.பி.யின் சொந்த உதவிக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. முதலில் படிக்கப்பட்டது இருக்கும், மற்றது போகும். தற்காலிக டேபிளும் கடைசியில் அழிந்துவிடும். வேலை முடிந்ததும் திரையில் பச்சை விளக்கு. எரர் எதுவும் இல்லை!

ஐ.டி. பிரிவைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது. கணக்குப் பிரிவைப் பொறுத்தவரை பிரச்சினை அப்போதுதான் தொடங்குகிறது. அது தெரியவே ஒரு வருஷம் ஆகும், ஏதோ ஒரு டீலர் "என் தள்ளுபடி எங்கே?" என்று கடிதம் போடும்போது. இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கக் கணக்குத் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் போதும்.

எஸ்.ஏ.பி.யை மட்டும் குறை சொல்ல வேண்டாம். டென்மார்க்கில் 1984-இல் தொடங்கிய கம்பெனியின் நேவிஷன், 2002-இல் மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்து, பிறகு டைனமிக்ஸ் நேவ் ஆகி, 2018 முதல் பிசினஸ் சென்ட்ரல் என்ற பெயரில் இருக்கிறது. நடுத்தரக் கம்பெனிகள் நிறைய இதில் ஓடுகின்றன. நேவின் 2015-ஆம் பதிப்பில் டேபிளின் கோட்டை மாற்றிச் சேமிக்கும்போது மூன்று வழி காட்டும்: சரிபார்த்துவிட்டு இப்போதே செய், பிறகு செய், வலுக்கட்டாயமாகச் செய். முதல் வழியில், இந்த மாற்றத்தால் டேட்டா அழியும் என்றால் சிஸ்டம் எரர் கொடுத்து நின்றுவிடும். அந்த எரர் வந்ததும் பலர் செய்வது, மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பது. உடனே வேலை நடந்துவிடும். எடுத்துப்போட்ட கட்டத்தில் என்ன எழுதியிருந்ததோ அதுவும் சேர்ந்து போய்விடும். 'வலுக்கட்டாயம்' என்பது ஒரு தீர்வு மாதிரி மூன்றில் ஒன்றாக நிற்பதுதான் எரிச்சல். அதன் உண்மையான பெயர் 'அழித்துவிட்டுச் செய்'. அப்படியே எழுதி வைத்திருந்தால் பாதிப் பேர் தொட மாட்டார்கள்.

அடுத்தது அகலம். இதில் காமர்ஸ்காரர்களுக்கு ஒரு தமாஷான விஷயம் இருக்கிறது. எஸ்.ஏ.பி.யில் ஒரு கணக்கு வவுச்சரில் எத்தனை வரி எழுதலாம் தெரியுமா? 999. கணக்கியல் தத்துவத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. வரி எண்ணுக்கு விட்ட கட்டம் மூன்று இலக்கம், அவ்வளவுதான் காரணம். ஆயிரமாவது வரி வந்தால் எரர். பல கடைகள் உள்ள ஒரு கம்பெனி ஒரு நாள் விற்பனையை ஒரே வவுச்சராக அனுப்பினால் 999 எம்மாத்திரம்? இதற்கு வழக்கமான வைத்தியம், ஒரே மாதிரி வரிகளைக் கூட்டிச் சுருக்குவது. சுருக்கும்போது எந்தக் கட்டத்தைத் துறப்பது என்று சொல்ல வேண்டும். பொருளின் பெயரையா, அளவையா, ஆர்டர் எண்ணையா? துறந்தது கணக்குப் பக்கம் திரும்பி வராது. பின்னாளில் தணிக்கையாளர் "இந்த ஆறு லட்சம் எந்தப் பொருளுக்கு?" என்று கேட்டால் அந்த வவுச்சரில் பதில் இருக்காது. எஸ்.ஏ.பி.யின் புதிய தலைமுறையான எஸ்/4 ஹானாவில் ஆறு இலக்கம் உள்ள புதுப் பேரேடு வந்துவிட்டது. ஆனாலும் பழைய மூன்று இலக்க டேபிள் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் எழுதும் வரை அந்த எல்லையும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை, ஜப்பான் யென். எஸ்.ஏ.பி.யில் தொகைக் கட்டங்கள் பெரும்பாலும் இரண்டு தசம இடத்தோடு கோடு போட்டவை. யென்னுக்குப் பைசா கிடையாது. அதனால் 1,000 யென்னை டேபிளில் 10.00 என்று எழுதி வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது நூறால் பெருக்கிச் சரியாகக் காட்டும். யாராவது ஓர் ஆர்வக்கோளாறு நேராக டேபிளிலிருந்து எடுத்து எக்செல்லில் போட்டால் ஜப்பான் கிளையின் விற்பனை நூறில் ஒரு பங்காகத் தெரியும். அங்கே எரர் எதுவும் வராது, ஜப்பான் மேனேஜருக்கு மாரடைப்பு வேண்டுமானால் வரலாம் :-)

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பாகக் கத்துகிற எரர் நல்ல எரர். வாயே திறக்காததுதான் எமன்.

மை எஸ்.க்யூ.எல். என்கிற இலவச டேட்டாபேஸ் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. பத்து எழுத்துக்குக் கோடு போட்ட கட்டத்தில் பதினைந்து எழுத்தைத் திணித்தால், முதல் பத்தை எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். எச்சரிக்கை ஒன்று வைத்திருக்கும், கேட்டால்தான் சொல்லும். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு இயல்பாகவே அமலுக்கு வந்தது. அப்போது பல பேர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? "புதுப் பதிப்பில் எரரா வருது" என்று அந்தக் கண்டிப்பை அணைத்து வைத்தது!

எஸ்.க்யூ.எல். சர்வர் கத்தவாவது செய்தது. ஆனால் "எழுத்து வெட்டுப்படும்" என்று மட்டும் சொல்லி, எந்தக் கட்டத்தில் என்று சொல்லாமல் பல வருஷம் உயிரை வாங்கியது. அறுபது கட்டம் உள்ள டேபிளில் எது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். 2019 பதிப்பில்தான் எந்த டேபிள், எந்தக் கட்டம், எந்த எழுத்து என்று எரரே சொல்ல ஆரம்பித்தது. ஆரக்கிளில் வேறு மாதிரி. "அப்படி ஒரு டேபிளே இல்லை" என்று அது சொன்னால், உண்மையில் இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் பார்க்க அனுமதி இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வாசகம். டேபிள் இல்லை என்று நம்பிப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் ஒரே பெயரில் இரண்டு டேபிள், கணக்கு இரண்டு இடத்தில்.

அகலம் போதாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள் சாட்சி. அமெரிக்காவில் காம்ஏர் என்கிற விமானக் கம்பெனியின் பணியாளர் அட்டவணை மென்பொருள், மாதத்துக்கு 32,768 மாற்றங்களுக்கு மேல் தாங்காது. அந்த எண்ணுக்கு விட்ட இடம் 16 பிட் என்பதுதான் காரணம். அந்த டிசம்பரில் பனிப்புயலால் அட்டவணையை மாற்றி மாற்றிப் போட்டு எல்லையைத் தொட்டுவிட்டார்கள். மென்பொருள் நின்றது. கிறிஸ்துமஸ் அன்று ஏறத்தாழ 1,100 விமானங்கள் ரத்து. ஒரு மாதத்தில் எத்தனை மாற்றம் வரும் என்று அட்டவணை போடுகிறவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சரி, அப்படியானால் கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் செய்ய வேண்டும்? புரோகிராம் எழுத வேண்டியதில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் செய்தால் போதும். எதையும் அழுத்துவதற்கு முன்னால் அந்த டேபிளில் எத்தனை வரி, தொகைக் கட்டத்தின் மொத்தம் எவ்வளவு, ஆண்டுவாரியாக எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய டேபிளுக்கு நகல் ஒன்று எடுத்துவிட்டார்களா என்று கேட்க வேண்டும். "எடுத்தாச்சு" என்றால் "எங்கே, காட்டுங்க" என்று கேட்க வேண்டும். கோடு எங்கே மாறியிருக்கிறது, பழைய அகலம் என்ன, புதிய அகலம் என்ன, கீயில் எதை எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே மூன்று எண்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். வங்கிப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிடுவது முதல் வருஷப் பாடம். இது அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டேபிள் காலியாகத் தெரிந்தால், பெயர் மாறி எங்காவது ஓரமாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் யாரும் எதையும் 'திறக்க'க் கூடாது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகலம் குறைந்த கட்டத்தில் வரி எண்ணிக்கை மாறாது, எழுத்து மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். 15 எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண் 14 எழுத்தாகி நின்றால் வரிகளை எண்ணுகிறவருக்குத் தெரியாது. வாங்கியவரின் வரிக்கழிவு சிக்கும்போதுதான் தெரியும். அதனால் இருபது வரியையாவது கண்ணால் பார்க்க வேண்டும். எந்த இருபது என்று தேர்ந்தெடுக்கக் கணக்காளருக்குத்தான் தெரியும்: மிகப் பெரிய தொகை, மிக நீளமான பெயர், ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னும் பின்னும் வந்தவை.

இதற்கு ஐ.டி. பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம்தான். "கணக்குப் பிரிவு ஆட்களை டேட்டாபேஸ் பக்கம் விட்டால் உள்தணிக்கையே எங்களைத் தூக்கிப் போடும். பதிகிறவர் வேறு, திருத்துகிறவர் வேறு என்று இருக்க வேண்டும்" என்பார்கள். உண்மை. ஆனால் இங்கே கேட்பது திருத்தும் அனுமதியை அல்ல, பார்க்கும் அனுமதியை. அந்த விதியையே கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், பட்டனை அழுத்துகிறவரும் 'மொத்தம் சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது அல்லவா? இன்றைக்குப் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. அதுவும் நடு இரவில், மாதக் கடைசியில், மேலாளர் தலைக்கு மேல் நின்றுகொண்டு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தில் எந்தப் பட்டன் சீக்கிரம் எரரைப் போக்குமோ அதைத்தான் எந்த மனிதனும் அழுத்துவான். அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கணக்குப் பிரிவின் பக்கமும் சாக்கு உண்டு. "எங்களுக்கு அந்தத் திரை புரியாது" என்பார்கள். எஸ்.இ.11 திரையைத் திறந்தால் கட்டத்தின் பெயர், வகை, நீளம், பக்கத்தில் சிறு விளக்கம், கீ என்றால் ஒரு டிக் குறி, இவ்வளவுதான் இருக்கும். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு மத்தியான வேலை.

இந்தியாவில் இதற்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று பதிந்து வைக்கும் வசதி இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். தணிக்கையாளர் அதைப் பார்த்துத் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். வந்தபோது எல்லோரும் வவுச்சரைத் திருத்துவதைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் நேராக டேட்டாபேஸில் செய்யும் மாற்றம் மென்பொருளின் பதிவேட்டில் வராது. அதற்கு டேட்டாபேஸ் மட்டத்திலேயே தனியாகக் கண்காணிப்புப் போட வேண்டும். மேலே சொன்ன மூன்றாவது வகை, யாரோ நேராக உள்ளே போய்ச் 'சரி' செய்தது, இதில்தான் வருகிறது.

சந்தேகம் இருப்பவர்கள் பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஐந்தாறு கம்பெனிகளின் 2023-24 ஆண்டறிக்கையை இறக்கிப் பார்க்கலாம். லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டாம். தணிக்கையாளர் அறிக்கையில், மற்ற சட்டத் தேவைகள் என்ற தலைப்பின் கீழ், 11(ஜி) விதியைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். மென்பொருளில் பதிவு வசதி இருந்தது என்று சொல்லிவிட்டு, நேரடி டேட்டாபேஸ் மாற்றங்களுக்கு அது இயக்கப்படவில்லை என்று ஒரு 'ஆனால்' போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது ஒன்றிரண்டு கம்பெனிகளின் அறிக்கையில் மட்டும் இருக்கும் வாசகம் அல்ல.